வீட்டை ரிப்பேர் செய்ய சொந்தக்காரரையே வேலைக்கு வைக்கலாமா? செலவு மிச்சமாகுமா?

அப்பா காலத்து வீடு ஒழுகுகிறது, பாத்ரூமையும் தரையையும் மாற்ற வேண்டும், மனைவியின் தம்பி கட்டட மேஸ்திரி, அவரிடமே வேலையைக் கொடுத்தால் எவ்வளவு மிச்சமாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வி எங்கே வந்தாலும் "சொந்தத்தில் வேலை கொடுத்தால் பணமும் போகும், உறவும் போகும்" என்று வீட்டுக்காரர்கள்தான் பதில் சொல்கிறார்கள். வேலை செய்யப் போகிற அந்தத் தம்பியின் வீட்டிலிருந்து யாரும் பேசுவதில்லை. அதனால் எழுதுகிறேன். என் கணவர் மேஸ்திரி. தஞ்சாவூர்ப் பக்கம். கொத்தனாராகச் சேர்ந்து, பிறகு தனியாக ஆள் வைத்து வேலை எடுக்க ஆரம்பித்தவர். கணக்கு நோட்டு கல்யாணமான நாளிலிருந்து என் கையில்தான் இருக்கிறது.

என் பதில்: தாராளமாகக் கொடுங்கள். ஆனால் மிச்சம் பிடிப்பதற்காகத்தான் கொடுக்கிறீர்கள் என்றால் கொடுக்காதீர்கள்.

அந்த மிச்சம் எங்கிருந்து வரும் என்று யோசித்துப் பாருங்கள். சிமென்ட் மூட்டை, எம்-சாண்ட், டைல்ஸ், பைப், ஒயர் எல்லாம் கடை விலைதான். உங்கள் மச்சினருக்காக எந்தக் கடைக்காரரும் பாதி விலைக்குத் தரப் போவதில்லை. கூட வரும் கொத்தனாரும் சித்தாளும் உங்களுக்குச் சொந்தம் இல்லை. எங்கள் பக்கம் இன்றைக்குக் கொத்தனாருக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்காமல் ஆள் வராது, சித்தாளுக்கு 600 ரூபாய். அந்தக் கூலியை யாரும் குறைத்துக்கொள்ள மாட்டார்கள், குறைக்கவும் கூடாது. ஆக, குறையக்கூடிய ஒரே பணம் உங்கள் மச்சினருக்குச் சேர வேண்டிய பணம். "சொந்தக்காரர் செய்தால் மலிவு" என்பதற்குள்ளே இருக்கிற கணக்கு இதுதான். அவர் வீட்டிலும் அரிசி வாங்க வேண்டும், பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டும்.

எங்கள் நாத்தனார் வீட்டு வேலையைச் சொல்கிறேன். அவர் என் கணவரின் கூடப்பிறந்த தங்கை, மன்னார்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். மாமனார் கட்டிய கான்கிரீட் வீடு. மொட்டை மாடியில் தண்ணீர் இறங்காமல் இருக்கப் பதிக்கிற தட்டோடு பெயர்ந்து, தண்ணீர் இறங்கி, சீலிங்கில் கம்பி துருப்பிடித்து ஊதி, காரை உதிர ஆரம்பித்துவிட்டது. நாத்தனார் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், நல்ல மனிதர். "மச்சான் இருக்கும்போது வெளியாள் எதுக்கு?" என்று வெற்றிலை பாக்கு வைத்துதான் அழைத்தார். என் கணவர் அளவெடுத்து, என்னென்ன வேலை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கூலிப் பேச்சை எடுத்தபோது, "நமக்குள்ள என்ன மச்சான், பார்த்துக்கலாம்" என்று அண்ணன் சொல்லிவிட்டார். தங்கை வீட்டில் உட்கார்ந்துகொண்டு அதற்கு மேல் எந்த அண்ணன் பேசுவார்?

முதல் சனிக்கிழமை சம்பளம் வந்தது. அடுத்த சனிக்கிழமை பாதி. அதற்கு அடுத்த வாரம், "மொத்தமா முடிச்சுக் கொடுத்துடறேன்." கட்டட வேலை தெரிந்தவர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் என்ன என்று தெரியும். ஐந்தரை மணிக்குக் கரண்டியையும் மட்டப்பலகையையும் கழுவி வைத்துவிட்டு, சாந்துச் சட்டியைக் கவிழ்த்துவிட்டு, சித்தாள் பெண்கள் முகம் கழுவித் தலையைக் கோதி முடிந்துகொண்டு திண்ணை ஓரமாக நிற்பார்கள். வாய் திறந்து கேட்க மாட்டார்கள். கடைசி பஸ்ஸுக்குள் கடைத்தெருவுக்குப் போய் ஒரு வாரச் சாமான் வாங்க வேண்டும். அவர்களிடம் போய் "தங்கச்சி வீடு, அடுத்த வாரம்" என்று சொல்ல முடியுமா? என் கணவர் கைக்காசைப் போட்டுக் கொடுத்தார். அது தீர்ந்ததும் என் வளையல் அடகுக்குப் போனது. ஒரு கொத்தனாருக்கும் ஒரு சித்தாளுக்கும் ஒரு வாரக் கூலி கூட நிற்கவில்லை. இதை நான் பெருமையாகவே சொல்வேன்.

இனி வேலையின் தரத்துக்கு வருகிறேன். "சொந்தக்காரன் என்றால் ஏனோதானோ என்று செய்வான்" என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதற்குத்தான் இந்தப் பாத்ரூம் கதை.

நாத்தனார் வீட்டுப் பழைய பாத்ரூமை உடைத்து, பைப் எல்லாம் மாற்றி, தரையில் வாட்டர் புரூஃபிங் அடித்தாயிற்று. அந்த வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள், அதற்குள் டைல்ஸ் ஒட்டியாக வேண்டும் என்று அவசரம். டைல்ஸ் பெட்டியும் வந்து ஹாலில் அடுக்கியாகிவிட்டது. என் கணவர் ஒட்டவில்லை. தண்ணீர் போகும் வழியைத் துணியும் பாலிதீனும் வைத்து அடைத்து, தரை முழுக்கத் தண்ணீர் கட்டி, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் தண்ணீர் கோட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. ஒரு ராத்திரியில் ஆவியாகி அவ்வளவு குறையாது. தரைத் தண்ணீர் வெளியே போகிற வாயில் வைக்கும் டிராப் உட்காரும் இடத்தைச் சுற்றி ஈரம் உள்ளே இறங்குவது தெரிந்தது. அதை மறுபடி கொத்தி, டிராப்பைத் திரும்ப உட்கார வைத்துப் பூசி, காய விட்டு, மறுபடி தண்ணீர் கட்டி, கோடு அசையவில்லை என்று பார்த்த பிறகுதான் டைல்ஸ் பெட்டியைப் பிரித்தார்.

அந்த நாட்களில் அந்த வீட்டில் கேட்ட பேச்சு: "வேணும்னே இழுக்கிறான். நாள் கூடினா கூலி கூடும்ல." கூலியே வராத இடத்தில்! வெளியாளாக இருந்தால் வீட்டுக்காரர் அவசரப்பட்டதும் ஒட்டிவிட்டுப் போயிருப்பார், அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அடுத்த வருஷம் பக்கத்து ரூம் சுவரில் உப்புப் பூத்து பெயின்ட் உரிந்திருக்கும். காலம் முழுக்கத் தங்கை முகத்தில் விழிக்க வேண்டியவர் அப்படிச் செய்ய மாட்டார். சொந்தக்காரரிடம் கொடுப்பதில் உங்களுக்கு லாபம் உண்டென்றால் இதுதான் லாபம். சீலிங் பூச்சும் அப்படித்தான். துருவைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காமல் மேலாகப் பூசினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், இரண்டு மழைக்குள் மறுபடி ஊதிக்கொண்டு விழும். அவர் கம்பி வெளுக்கிற வரை தேய்க்க வைத்தார். பூசிய சுவருக்கு ஏழு நாள் விடாமல் தண்ணீர் காட்டச் சொல்லி, வீட்டில் யாரும் செய்யாததால் காலையில் ஆள் வருவதற்கு முன் அவரே போய் ஊற்றினார்.

நடுவில் "இதையும் கொஞ்சம் பார்த்துடு அண்ணே" என்று வந்த வேலைகள் தனி. காம்பவுண்டு சுவருக்குப் பூச்சு, கொல்லையில் துணி துவைக்கிற கல், துளசி மாடம், மீட்டர் பெட்டிக்கு மேலே சின்னதாக ஒரு சன்ஷேடு. ஒவ்வொன்றும் கேட்கும்போது அரை நாள் வேலை மாதிரி இருக்கும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்தேன். கடைசியில் கூட்டிப் பார்த்தால் மெயின் வேலையில் கால் பங்கு வந்து நின்றது.

டைல்ஸ் கடைகளில் மேஸ்திரிக்குக் கமிஷன் கொடுப்பது ஊரறிந்த வழக்கம். இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த வீட்டுக்கு டைல்ஸ் எடுத்தபோது, "அதை பில்லிலேயே கழிச்சுடுங்க" என்று அவர் சொல்லி, கடைக்காரரும் கழித்துக் கொடுத்த பில் அண்ணன் கையிலேயே இருக்கிறது. அப்படியும் "கமிஷன் அடிச்சிருப்பான்" என்ற பேச்சு உறவுக்குள் சுற்றி என் காதுக்கே வந்தது.

கடைசியில் என்ன ஆயிற்று? வேலை முடிந்ததும் நான்தான் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். "அண்ணி கணக்குப் பார்க்குறாங்க" என்று நாத்தனார் அழுதுவிட்டார். கணக்குப் பார்ப்பதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. அது அவர் அண்ணனின் உழைப்பு மட்டும் இல்லை, என் வளையலும் அதில் இருக்கிறது. தை மாதம் சம்பா அறுத்து நெல் போட்டதும் ஒரு பகுதி வந்தது. மீதி இன்னும் வரவில்லை. வராது என்று வைத்துக்கொண்டோம்.

பணத்தைவிட எனக்கு ஆறாதது அவர்கள் பால் காய்ச்சிய நாள். வீட்டை முழுக்கப் புதுப்பித்ததால் கணபதி ஹோமம் வைத்து, சொந்தபந்தத்தைக் கூப்பிட்டார்கள். கூடப்பிறந்தவர் என்பதால் நாங்கள் சீர் கொண்டுபோக வேண்டும். தட்டு வரிசை, தங்கைக்குப் பட்டுப் புடவை, மாப்பிள்ளைக்கு வேட்டி, குத்துவிளக்கு. கடன் வாங்கித்தான் செய்தோம், குறை வைக்கவில்லை. ஹோமம் முடிந்து, வேலை செய்தவர்களுக்கு மரியாதை செய்யும் நேரம் வந்தது. ஆசாரியைக் கூப்பிட்டுத் தாம்பாளத்தில் வேட்டி, துண்டு, பணம் வைத்துக் கொடுத்தார்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். பெயின்டரைக் கூப்பிட்டார்கள். கொத்து வேலை முழுக்கச் செய்த மேஸ்திரியைக் கூப்பிடவில்லை. அவர் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். யாரோ ஒரு பெரியவர், "மேஸ்திரி எங்கப்பா?" என்று கேட்டதற்கு, "அவரு நம்ம வீட்டு ஆளுதானே" என்று பதில் வந்தது. சீர் வாங்கும்போது அண்ணன், கூலி கொடுக்கும்போது நம்ம வீட்டு ஆள். ஒரு வேட்டிக்கும் துண்டுக்கும் நாங்கள் ஆலாய்ப் பறக்கவில்லை. ஒரு தொழிலாளிக்கு அவன் கட்டிய வீட்டில் சபையில் கிடைக்கும் மரியாதை அது, அதைத்தான் சொல்கிறேன்.

இதற்கு நேர்மாறாக ஒன்று. என் கணவரின் சித்தப்பா மகன், பள்ளிக்கூட வாத்தியார். அவர் வீட்டு வேலைக்கும் இவர்தான் போனார். முதல் நாளே உட்கார்ந்து, "அண்ணே, வெளியாள்கிட்ட என்ன வாங்குவீங்களோ அதைச் சொல்லுங்க, ஒரு ரூபா குறைக்க வேணாம்" என்றார். டைல்ஸ் சதுர அடிக்கு இவ்வளவு, பூச்சுக்கு இவ்வளவு, தட்டோடுக்கு இவ்வளவு என்று எழுதி இருவரும் ஆளுக்கு ஒரு தாள் வைத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை நாலு மணிக்கெல்லாம் ஜிபேயில் பணம் வந்துவிடும். கூடுதல் வேலை வந்தால் அந்தத் தாளிலேயே கீழே எழுதிவிடுவார். அந்த வீட்டு விசேஷத்தில் முதல் வேட்டி இவருக்குத்தான், அதன் பிறகுதான் நாங்கள் கொண்டுபோன சீரை வாங்கினார்கள். இன்றைக்கும் அந்த வீட்டில் ஒரு குழாய் சொட்டினால் இவர் தானாகவே போய்ப் பார்த்துவிட்டு வருவார், காசு வாங்க மாட்டார். முறையாகக் கூலி கொடுத்தவர்களிடம்தான் இப்படி மனசாரச் செய்யத் தோன்றும்.

எல்லா மேஸ்திரியும் உத்தமர் என்று நான் வாதாடவில்லை. முன்பணத்தை வாங்கிக்கொண்டு பாதியில் அடுத்த சைட்டுக்குப் போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் சொந்தக்காரர்களும் இருப்பார்கள். உங்கள் மச்சினர் குடிப்பவரா, சொன்ன நாளில் வருபவரா என்பது உங்களுக்குத்தான் தெரியும். அவர் செய்த வேறு இரண்டு வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். மழைக்காலம் தாண்டிய வீடாகப் பாருங்கள். புது வீடு எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டின் பின்கட்டு இன்னும் ஷீட் கூரைதான். அதைக் கான்கிரீட் ஆக்க லோன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனோம். சம்பளச் சீட்டு இருக்கிறதா, மூன்று வருஷத்து வருமான வரிக் கணக்கு இருக்கிறதா என்று கேட்டார்கள். அவர் கட்டிய எத்தனையோ வீடுகளுக்கு அதே கிளைதான் லோன் கொடுத்திருக்கிறது. ஜன்னல், கதவுக்கு மேலே வரும் லிண்டல் மட்டம் வந்ததா, மேல்தளம் போட்டாயிற்றா என்று வங்கி இன்ஜினியர் வந்து பார்த்துப் பணத்தை விடும்போதெல்லாம், இவர்தான் ஏணி பிடித்துக் காட்டியிருக்கிறார். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-ல் வந்தது, அதில் இவர் உறுப்பினர். அந்த அட்டையைக் காட்டினோம். இது வருமானச் சான்று ஆகாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறவருக்கு வீட்டுக் கடன் இல்லை என்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முழுக் காண்ட்ராக்ட் வேண்டாம், கூலிக்கு மட்டும் பேசுங்கள். சாமான்களை நீங்களே கடையில் பணம் கட்டி எடுங்கள், கமிஷன் பேச்சுக்கே இடம் இருக்காது. பழைய எஸ்டிமேட் கையில் வைத்திருந்தால் திரும்பப் போடச் சொல்லுங்கள். 2025 செப்டம்பரில் சிமென்ட்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. முதலில் மேல்தளத்தை முடியுங்கள், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் தட்டோடு வேலை நடக்காது. அடுத்து பாத்ரூம், தரை கடைசியில். கூலி பேசும் அன்றைக்கு உங்கள் மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசுங்கள். தம்பிக்கு என்ன கொடுக்கிறோம் என்பது அக்காவுக்கும் தெரிந்திருந்தால் பின்னால் யார் வீட்டிலும் வேறு பேச்சு எழாது.