வாரம் பெர்சி தேவாலயச் சுவரில் தெரியும் வளைவுகள்

இங்கிலாந்தில் கைவிடப்பட்ட ஊரான வாரம் பெர்சியின் (Wharram Percy) தேவாலயச் சுவரில் தெரியும் வளைவுகள் அடைத்த வாசல்களா என்று கேட்டீர்கள். இல்லை. யார்க்‌ஷயரின் வாரம் பெர்சி புனித மார்ட்டின் தேவாலயத்தில் நடுக்கூடத்தின் இருபுறமும் பக்கக்கூடங்கள் இருந்தன; அவற்றுக்குத் திறந்திருந்த வளைவு வரிசைதான் அது. ஊரில் ஆள் குறையக் குறையப் பக்கக்கூடங்களை இடித்து, வளைவுகளைக் கல் வைத்து அடைத்துவிட்டார்கள். 1500-க்குச் சற்றுப் பின் ஊரே காலியானது.

சரிபார்க்க, வளைவு எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். வாசலென்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிலைக்கல் இருக்கும். இங்கே அடுத்தடுத்த இரண்டு வளைவுகள் ஒரே தூணின் தலைப்பில் (தூணின் உச்சிக் கல்லில்) வந்து உட்காரும். அந்தத் தலைப்பு அடைப்புக் கற்களுக்கு நடுவே தெரியும்.

அடைப்பில் உள்ள சன்னல்களை வைத்து மட்டும் அடைப்பின் காலத்தைக் கணிக்காதீர்கள். இடித்த பகுதியின் பழைய சன்னலையே எடுத்துப் பதிப்பது வழக்கம். கோபுரம் பாதியாக நிற்பது வேறு கதை: அதன் ஒரு பகுதி 1959-இல் சரிந்தது.