வாசகர் கேள்வி – பதில்: அந்தி வானத்துக்கு அப்பால்

கேள்வி: வெளிநாட்டிலுள்ள அண்ணா அனுப்பிய கமராவில் சில காலமாகப் படம் எடுத்து வருகிறேன். துவாரம், வேகம், ஒளியுணர்திறன் எல்லாம் கற்றுக்கொண்டேன். இரணைமடுக் குளத்தில் அந்தியில் எடுத்த என் படங்களைப் பார்ப்பவர்கள் அழகு என்கிறார்கள். எனக்கோ அவை யாரோ எடுத்த படங்களாகவே தோன்றுகின்றன. கருவியறிவுக்கு அப்பால் இந்தக் கலையோடு நெருங்குவது எப்படி?
— வாசகி, கிளிநொச்சி

பதில்: அந்தியின் நிறம் வானத்துக்குரியது; எந்தக் குளத்தின் மேல் விழுந்தாலும் அது அழகாகவே இருக்கும். இரணைமடுவுக்கு உரியதைக் காண, வேறு நேரங்களிலும், சில நாட்கள் கமரா இல்லாமலும் அங்கே போய் வாருங்கள். மாரி மழையில் நீர் ஏறி வான்கதவுகள் திறக்கப்படும் நாளில் குளக்கட்டில் நின்று பார்க்கும் முகங்களும், சிறுபோகத்துக்கு நீர் விட்ட பின் நாளுக்கு நாள் உள்வாங்கும் நீர் விளிம்பும், அதன் பின்னால் காய்ந்து வெடிக்கும் சேற்றில் பதிந்த மாட்டுக் குளம்புகளும் அக்குளத்தை நம்பி வாழ்பவர்களுக்குத் தெரிந்த காட்சிகள். உங்களுக்கும் அவை தெரியும். இன்னும் படமாகவில்லை, அவ்வளவுதான்.

செக் நாட்டு ஒளிப்படக் கலைஞர் யோசெப் சுடெக் முதலாம் உலகப் போரில் வலக்கையை இழந்தவர். ஜேர்மனியப் படைகள் பிராக் நகரைப் பிடித்திருந்த 1940 ஆம் ஆண்டளவில் அவர் தம் வேலைக்கூடத்தின் யன்னலைப் படம்பிடிக்கத் தொடங்கி, போர் முடிந்த பின்னரும் பல ஆண்டுகள் அதையே தொடர்ந்தார். கண்ணாடியில் வழியும் நீர்த்துளி, உறைபனி, அப்பால் மங்கலாகத் தெரியும் ஒரு வளைந்த மரம்: இவ்வளவே அவருக்குப் போதுமாயிருந்தது.

வன்னியில் இவ்வாறான பார்வைக்கு இன்னொரு தேவையும் உண்டு. 2008, 2009 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வுகளில் எத்தனையோ குடும்பங்கள் தம் அல்பங்களை இழந்தன. திருமணப் படமோ இறந்த பிள்ளையின் படமோ ஒன்றுகூட இல்லாத வீடுகளை நீங்களே அறிவீர்கள். அதன் பின் வெளியிலிருந்து வந்த கமராக்களில் பல எம் துயரத்தையே தேடின. ஆகவே, அம்மம்மா கடகம் பின்னும்போது ஓலையை அழுத்திப் பிடிக்கும் பெருவிரலையும், குசினிச் சுவரில் புகை படிந்த மூலையையும், படலையில் சாத்தி வைத்த சைக்கிளையும் பொறுமையோடு படமாக்குவது மிகப் பெரிய பணி என்று நான் நம்புகிறேன். நினைவேந்தல் நாளில் அழுபவரின் முகத்தருகே மட்டும் கமராவைக் கொண்டுபோக வேண்டாம். அந்தக் கண்ணீர் உங்களுக்குத் தரப்பட்டதன்று.

முதலில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அம்மம்மாவே ஆகலாம். அவரோடு இருந்து கதை கேளுங்கள். ஓலை எங்கிருந்து வருகிறது, யாரிடம் பின்னக் கற்றார் என்று தெரிந்த பிறகு உங்கள் கண் தானாகவே வேறிடத்தில் நிற்கும். அனுமதி கேட்டுச் சில படங்களே எடுங்கள். அவற்றை ஸ்ரூடியோவில் கழுவி அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் எந்தப் படத்தை நெடுநேரம் வைத்திருக்கிறார், எதில் எது விடுபட்டது என்கிறார் என்று கவனியுங்கள். கமராவின் திரை சொல்லாததை அவர் சொல்வார். ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் பெயர், இடம், திகதியோடு, அந்தக் கணத்தில் ஏன் அழுத்தினீர்கள் என்பதையும் ஒரு வரியில் பென்சிலால் எழுதி வையுங்கள். அந்த வரி எழுத வராத படங்களை ஒதுக்கிவிட்டு, மீண்டும் அவரிடம் போங்கள்.