தங்கம், வெள்ளி, ஈமான்: நகைப் பட்டறைக் கேள்வி பதில்

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் நகைவேலை பழகியவன் நான். இஸ்லாமிய மார்க்கத்தோடு ஒட்டிய நகைகள் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

நானா, வெள்ளி மோதிரத்தின் முகப்பில் கலிமா (ஈமானின் உறுதிமொழி) முழுவதையும் வெட்டலாமா? (ஐந்துசந்தி)

வேண்டாம் தம்பி. விரலகல முகப்பில் அத்தனை எழுத்தும் நெருங்கினால் வாசிக்க முடியாது. நபி (ஸல்) அவர்கள் மன்னர்களுக்குக் கடிதம் எழுத நினைத்தபோது, முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் ஏற்கமாட்டார்கள் என்று சொல்லப்பட்டது. அதற்காகத்தான் வெள்ளி மோதிரம் செய்வித்தார்கள். அதில் இருந்தது மூன்றே சொல், மூன்று வரியில்: முஹம்மத், ரசூல், அல்லாஹ். அந்தச் சுருக்கத்தைப் பின்பற்றுங்கள். நேர்கோடுகள் கொண்ட கூஃபி என்ற அரபு எழுத்து வடிவம் அறுக்கும் வாளுக்கு நன்றாகப் பிடிபடும். ஆனால் பின்னணியை அறுத்தெடுத்தால் புள்ளிகள் விழுந்துவிடும், அவற்றை எழுத்தோடு ஒட்டி வைக்க வேண்டும். புள்ளி இடம் மாறினால் எழுத்தே மாறிவிடும். அறுக்க முன்னர், ஓதத் தெரிந்த ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டுங்கள். கழிப்பறைக்குப் போகும்போது மோதிரத்தைக் கழற்றி வையுங்கள்.

மாப்பிள்ளைக்கு வெள்ளைத் தங்கம் ஆகுமா?

ஆகாது. ஆண்களுக்குத் தங்கம் கூடாது. வெள்ளைத் தங்கத்தில் நிறம்தான் வேறு, பொருள் தங்கம்தான். வெள்ளியே போடுங்கள்.

பழைய காப்பைக் கொடுத்து, எடையைக் கழித்துப் புதுசு எடுப்பது வட்டியா?

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்திருந்தேன். தங்கத்துக்குத் தங்கம் மாற்றினால் எடை சமமாக, கைக்குக் கை இருக்க வேண்டும் என்பது ஹதீஸ். 10 கிராம் பழசுக்கு 8 கிராம் புதுசைக் கொடுத்து, மிச்சத்தைக் கூலி, சேதாரம் என்று கழித்தால் பெரும்பாலான உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) அதை வட்டி என்றே சொல்வார்கள். வழி சுலபம். பழசை விற்றுக் காசைக் கையில் வாங்குங்கள். அப்புறம் அந்தக் காசில் புதுசை வாங்குங்கள்.

கைபரில் கிடைத்த, தங்கமும் மணியும் கோர்த்த மாலையைக்கூடப் பிரித்தெடுக்காமல் விற்கக்கூடாது என்றார்கள் நபியவர்கள். கல்லையும் அரக்கையும் சேர்த்து நிறுத்துத் தங்க விலை போடுகிறவர்கள் நம் தொழிலிலும் இருக்கிறார்கள். அளவையில் மோசடி செய்கிறவர்களைக் கண்டித்தே குர்ஆனின் 83ஆம் சூரா தொடங்குகிறது. ஆயத்து (குர்ஆன் வசனம்) வெட்டிய பதக்கமே ஆனாலும், நிறுவையில் பொய் இருந்தால் அதை இஸ்லாமிய நகை என்று நான் சொல்லமாட்டேன்.

உம்மும்மாவின் (பாட்டியின்) கல்யாணப் போட்டோவில் பிறை வைத்த பதக்கம் தெரிகிறது. 1990இல் விட்டு வந்த நகை அது. திரும்பச் செய்யலாமா? (புத்தளம்)

செய்வோம் தங்கச்சி. பிறை வைப்பது கடமையில்லை, எங்கள் ஆட்கள் ஆசையோடு போட்ட அடையாளம். அந்த ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் சில மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது நகைகளும் போயின. பழைய வடிவங்களுக்கு இப்போது மாதிரி என்று இருப்பது பெரும்பாலும் இப்படியான போட்டோக்கள்தான். பெரிதாக ஸ்கேன் பண்ணி அனுப்புங்கள். கையோ விரலோ பக்கத்தில் தெரிந்தால் அளவை ஓரளவு பிடித்துவிடலாம்.

அண்ணை, நான் இந்து. முஸ்லிம் வாடிக்கையாளருக்கு எந்த வடிவம் செய்யலாம்? (நல்லூர்)

கேட்டது நல்லது தம்பி. மயில், அன்னம், கிளி போன்ற உயிருள்ளவற்றின் உருவங்கள் வேண்டாம். கொடி, பூ, இலை எல்லாம் சரி. எட்டுமுனை நட்சத்திரமும் செய்து பாருங்கள்: ஒரே அளவான இரண்டு சதுரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மேலுள்ளதை 45 பாகை திருப்புங்கள். பற்றவைக்கும் பொடி வைத்து ஊதும்போது உள்மூலைகளில் மட்டும் வையுங்கள். நெருப்பு முனையில் பட்டு அது மழுங்கினால் வடிவமே கெட்டுவிடும்.