கார் பதில்கள்: தானாக பிரேக் பிடிக்குமா?

கேள்வி: புது காரில் அடாப்டிவ் க்ரூஸ் கன்ட்ரோல் இருக்கிறது. சென்னை–திருச்சி சாலையில் 90-ல் வைத்தால், முன்னே போகும் வண்டிக்கு ஏற்ப அதுவே வேகத்தைக் குறைக்கிறது. முழுக்க நம்பலாமா?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: ஓடுகிற வண்டியைப் பின்தொடர நம்பலாம், நிற்கிற வண்டிக்கு நம்பாதீர்கள். பாலம், பெயர்ப்பலகை, தடுப்புக்கம்பி என்று அசையாதவை எல்லாமே, முன்னால் இருப்பதை அறிய காரின் முன்பக்கம் வைத்திருக்கும் ரேடாரில் விழும். அத்தனைக்கும் பிரேக் போட்டால் கார் ஊர் போய்ச் சேராது. அதனால் அதிவேகத்தில் அசையாத பொருளைப் பல கார்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. நம் ஊரிலோ பஞ்சரான லாரி, பின்னால் நாலு கல்லும் ஒரு மரக்கிளையும் வைத்துவிட்டு ரோட்டிலேயே நிற்கும். முன்னால் போன கார் கடைசி நொடியில் விலகினால், பாதை காலி என்று நினைத்து உங்கள் வண்டி மறுபடி 90-க்கு ஏறப் பார்க்கும். கால் பிரேக் பக்கமே இருக்கட்டும்.

இடைவெளியை அதிகபட்சத்தில் வையுங்கள். நடுவில் யாராவது நுழைவார்கள்தான். நுழையட்டும், என்ன அவசரம்? கனமழையிலும், சுங்கச்சாவடி நெருங்கும்போதும் அணைத்துவிடுங்கள். அப்புறம், பம்பரில் சேறு அப்பினால் துடையுங்கள். சிலர் அழகுக்கு பம்பருக்கு முன்னால் இரும்புத் தடுப்பு (பம்பர் கார்டு) மாட்டி ரேடாரையே மறைத்துவிடுகிறார்கள். அந்த வேலை வேண்டாம்.