கிணற்று நீரின் அளவுகளுக்கு எந்த வரைபடம்?

கேள்வி: பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஆகிய மூன்று பஞ்சாயத்துகளிலும் ஆறாறு கிணறுகளின் நீரை மே மாதத்தில் ஒரு முறையும் டிசம்பரில் ஒரு முறையும் எடுத்து, ஃபுளோரைடு அளவையும், அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் மதிப்பையும் கண்டிருக்கிறேன். முதுகலை ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து தரும் கடையில், முப்பரிமாண வட்ட வரைபடம்தான் எடுப்பாக இருக்கும் என்கிறார்கள். எதை வைப்பது?

பதில்: வட்ட வரைபடம் வேண்டாம். ஒரு முழுத் தொகையின் பங்குகளைக் காட்டுவதற்கே அது பயன்படும்; 18 கிணறுகளின் ஃபுளோரைடு அளவுகளைக் கூட்டி வரும் எண்ணுக்குப் பொருளே இல்லாதபோது அதைத் துண்டு போடுவதில் என்ன பயன்? முப்பரிமாணமாகச் சாய்த்தால், முன்பக்கத் துண்டு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும் என்ற கேடும் சேர்ந்துகொள்ளும்.

படத்துக்கு இவ்வளவு என்று பணம் வாங்கும் கடைக்காரருக்குப் படங்கள் கூடினால் வரவு கூடும். ஆகவே ஒரே எண்களைப் பட்டையாகவும் வட்டமாகவும் கோடாகவும் மூன்று முறை வரைந்து கொடுப்பார். அவர் பட்டையின் மேல் வைக்கும் பிழைக் கோடு, கிணறுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் காட்டும் திட்டவிலக்கமா, சராசரி எவ்வளவு துல்லியம் என்பதைக் காட்டும் திட்டப்பிழையா என்று கேளுங்கள். ஆறு கிணறுகளுக்குத் திட்டப்பிழை என்பது திட்டவிலக்கத்தில் ஏறத்தாழ 41 விழுக்காடுதான் என்பதால், அதை வைத்தால் கோடு குட்டையாகி, கிணறுகளுக்குள் வேறுபாடே குறைவு என்பதுபோல் தோன்றிவிடும். எதை வைத்தோம் என்று எழுதாத படம் ஏமாற்றும் படம். ஓரத்தில் எத்தனை அங்குலம் விட வேண்டும், அட்டை என்ன நிறம் என்றெல்லாம் கண்டிப்பு காட்டும் ஆய்வேட்டு விதிமுறைகள், அச்சில் அலகு எழுதப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. மாணவர்கள் கடைக்காரரை நம்பி நிற்பதற்கு இந்த அலட்சியமே காரணம்.

உங்கள் தரவின் உயிர், ஒரே கிணற்றை இரு பருவங்களிலும் பார்த்திருப்பதில் இருக்கிறது. எனவே பஞ்சாயத்துக்கு ஒன்றாக மூன்று சிறு கட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் இடப்பக்கம் மே, வலப்பக்கம் டிசம்பர். கிணற்றுக்கு இரண்டு புள்ளிகள், அவற்றை இணைக்கும் ஒரு கோடு. மூன்று கட்டங்களுக்கும் செங்குத்து அளவுகோல் ஒன்றாகவே இருக்க வேண்டும். எக்செல் தானாக வெவ்வேறு அளவுகோலை வைத்துவிடும் என்பதால் நீங்களே திருத்துங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500, ஃபுளோரைடுக்கு ஏற்கத்தக்க அளவாக லிட்டருக்கு 1.0 மில்லிகிராமையும், வேறு நீராதாரம் இல்லாதபோது பொறுத்துக்கொள்ளத்தக்க உச்சமாக 1.5 மில்லிகிராமையும் சொல்கிறது. இவ்விரண்டையும் கிடைமட்டப் புள்ளிக்கோடுகளாக இட்டால், எந்தக் கிணறு எல்லை தாண்டியது என்பது உடனே தெரியும். ஒரு கிணற்றின் புள்ளியை அடுத்த கிணற்றின் புள்ளியோடு மட்டும் இணைக்காதீர்கள்; அவற்றுக்கு இடையில் தொடர்ச்சி எதுவும் கிடையாது.

சராசரிப் பட்டைகள் போதாதா என்றால், போதா. 1973-இல் புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் நான்கு தரவுத் தொகுதிகளைக் காட்டினார். சராசரி, பரவல், ஒட்டுறவு (இரு அளவுகள் சேர்ந்து மாறும் அளவு) எல்லாம் நான்கிலும் ஏறக்குறைய ஒன்றே, வரைந்து பார்த்தால் நான்கும் நான்கு விதம். ஐந்து கிணறுகளில் அளவு குறைந்து ஒன்றில் மட்டும் ஏறியிருந்தால், சராசரி அந்த ஒன்றை மறைத்துவிடும். அந்த நீரைக் குடிக்கும் வீட்டுக்கோ அதுதான் முக்கியச் செய்தி.

பட்டை வரைபடத்தின் அச்சு சுழியத்தில்தான் தொடங்க வேண்டும் என்ற விதி உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும். அது சரியான விதிதான், ஏனெனில் பட்டையில் கண் பார்ப்பது நீளத்தை. ஆனால் பிஎச் மதிப்புக்கு அது பொருந்தாது. பிஎச் அளவுகோலில் சுழியம் என்பது 'ஒன்றுமில்லை' என்று பொருள்படாது. அது மிகக் கடுமையான அமிலத்தைக் குறிக்கும். மேலும் அது மடக்கை அளவு. 7-லிருந்து 8-க்குப் போனால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்தில் ஒரு பங்காகிறது. ஆகவே எட்டின் பட்டை ஏழின் பட்டையைவிடச் சற்றே உயரம் என்பது எதையும் உணர்த்தாது. பிஎச் மதிப்புக்குப் பட்டையே வேண்டாம். புள்ளிகள் போதும், அச்சு 6 முதல் 9 வரை போதும், 6.5 முதல் 8.5 வரையிலான தர எல்லையை இலேசாக நிழலிடுங்கள். அச்சு சுழியத்தில் தொடங்கவில்லையே என்று தேர்வாளர் கேட்டால், இந்தக் காரணத்தையே சொல்லுங்கள்.

கிணறுவாரியான எண்கள் முழுவதையும் பின்னிணைப்பில் ஒரே அட்டவணையாகக் கொடுங்கள். அலகைத் தலைப்பில் ஒரு முறை எழுதினால் போதும். தசமப் புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் நிற்கட்டும். கருவி காட்டியதற்கு மேல் தசம இடங்களைச் சேர்க்காதீர்கள். கருவியால் கண்டறிய முடியாத அளவுக்குச் சுழியம் இடாமல், 'கண்டறியும் எல்லைக்குக் கீழ்' என்று எழுதி, அந்த எல்லையை அடிக்குறிப்பில் கொடுங்கள்.