35 வயதில் பிளாஸ்டிக் மாதிரிக் குதிரைகளைச் சேர்த்து, வண்ணம் மாற்றி, படம் எடுப்பது சிறுபிள்ளைத்தனமா? எப்படித் தொடங்குவது?

இந்தக் கேள்வியை நேற்று இரவு பார்த்தேன். காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று படுத்தேன், தூக்கம் வரவில்லை. உங்கள் வீட்டில் யாரோ சிரித்திருக்கிறார்கள். கணவராக இருக்கலாம், மாமியாராக இருக்கலாம், விருந்துக்கு வந்த தோழியாகவும் இருக்கலாம். மகளுக்கென்று வாங்கிய குதிரையை மகள் மறந்துவிட்டிருப்பாள். வீடு அடங்கிய பிறகு அதை எடுத்துக் கழுத்துத் தசையை விரலால் தடவிப் பார்ப்பவர் நீங்கள்தான். கேள்வியில் இதெல்லாம் இல்லை, நானாகச் சொல்கிறேன். ஆனால் ‘சிறுபிள்ளைத்தனமா’ என்ற சொல் யாருக்கும் தானாகத் தோன்றாது. வேறு ஒருவர் வாயிலிருந்து வந்து நம் காதில் தங்கிவிடும் சொல் அது.

இல்லை என்பதே என் பதில். எனக்கு 46 வயது, ஓஹையோவின் கொலம்பஸ் நகரில் இருக்கிறேன். என்னிடம் 63 குதிரைகள் இருக்கின்றன. அவற்றில் 19 நானே அறுத்து, ஒட்டி, வண்ணம் மாற்றியவை. ஊரில் எத்தனையோ பேர் கஷ்டப்படும்போது இதற்குக் காசா என்று கீழே யாராவது எழுதுவார்கள், எழுதட்டும். என் சம்பளத்தில் மாதம் 40 டாலர் இதற்கு ஒதுக்குகிறேன். ஊருக்கு அனுப்ப வேண்டியதை அனுப்பிய பிறகுதான் அந்த 40 டாலர்.

பெட்டியில் பிரேயர் என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். சிகாகோவில் பிளாஸ்டிக் வார்த்துக்கொண்டிருந்த நிறுவனம் அது. 1950 வாக்கில் மாஸ்டர்கிராஃப்டர்ஸ் என்ற கடிகார நிறுவனத்துக்காக, கடிகாரத்தை ஒட்டி நிற்க ஒரு குதிரையைச் செய்துகொடுத்தார்கள். கடிகாரம் வேண்டாம், குதிரை மட்டும் கிடைக்குமா என்று மக்கள் கேட்கத் தொடங்கினார்கள். பிறகு கிறிஸ் ஹெஸ் என்ற சிற்பி பல பத்தாண்டுகள் அவர்களுக்கு அச்சுகள் செய்தார். நிற்கும் குதிரை எந்தக் காலில் பாரத்தைத் தாங்குகிறது, எந்தக் காலை ஓய்வாக மடித்து வைத்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்துச் செய்த உடல்கள் அவை. சிற்பம் வாங்குபவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, இதற்கு மட்டும் ஏன்?

இனி ராணியைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் கேள்வி என்னைத் தூங்கவிடாததற்குக் காரணம் அவள்தான்.

நான் பழனியில் வளர்ந்தவள். 1980களில் ரயில் நிலையத்தில் இறங்கினால் அடிவாரத்துக்குக் குதிரை வண்டியில் போகலாம். எங்கள் தெருமுனையில் ஒரு பாய் தம் வண்டியை அவிழ்த்துப் போடுவார். அவருடைய மட்டக் குதிரையின் பெயர் ராணி. வேகவைக்காத கொள்ளின் நிறம், முழங்காலுக்குக் கீழே கருப்பு, ஒரு பின்னங்காலில் மட்டும் வெள்ளை. நெற்றியில் ஒரே சுழி. ‘சுழி சுத்தமான குதிரை, பாப்பா’ என்பார் பாய். அதன் காதுகள்தான் எனக்கு ஆச்சரியம். இரண்டும் உள்பக்கம் வளைந்து, நுனியோடு நுனி தொடும், தலைக்கு மேல் சின்னத் தோரணம் கட்டியதைப் போல. அதன் தாய் வடக்கே இருந்து வந்தது என்று சொல்வார். ராஜஸ்தானின் மார்வாரிக்கும் குஜராத்தின் கத்தியவாரிக்கும் காது இப்படித்தான் வளையும் என்பதை முப்பது ஆண்டுகள் கழித்து இந்தக் குதிரைகளைச் சேர்க்கத் தொடங்கிய பிறகுதான் படித்தேன். படித்த அன்று சமையலறையில் நின்று அழுதேன்.

2017 ஜூலையில் லெக்சிங்டனுக்குப் போனோம். அங்கே கென்டக்கி குதிரைப் பூங்காவில் 1990 முதல் பிரேயர் நிறுவனத்தின் திருவிழாவான பிரேயர்ஃபெஸ்ட் நடக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல். திருவிழாவைவிட எனக்குப் பிடித்தது மாலையில் விடுதிகளில் நடக்கும் விற்பனை. அறைக் கதவுகளைத் திறந்து வைத்து, கட்டில் முழுக்கக் குதிரைகளைப் பரப்பிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். கீறலும் உடைசலுமாகக் கிடப்பவற்றை ‘பாடி’ என்பார்கள். நம்மைப் போல மாற்றி அமைப்பவர்களுக்காகவே வைத்திருப்பவை. ஒரு காது உடைந்த அரேபியப் பெண்குதிரை 15 டாலருக்குக் கிடைத்தது. வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தேன்.

அதை ராணியாக மாற்ற நினைத்தேன். அரேபியக் குதிரைக்கும் வண்டிக் குதிரைக்கும் எவ்வளவு தூரம் என்று கத்தியை எடுத்த பிறகுதான் தெரிந்தது. வாலைத் தூக்கி நிற்கும் உடல் அது. ராணி வாலைத் தூக்கி நான் பார்த்ததே இல்லை. வாலை அறுத்துத் தாழ்த்தி ஒட்டினேன். விலா எலும்பு தெரியவேண்டும், இடுப்பெலும்பு புடைக்கவேண்டும். உள்ளே வெற்றிடம் உள்ள மெல்லிய ஓடு அது. சுழல் கருவியால் தேய்த்தபோது இரண்டு இடத்தில் ஓட்டையே விழுந்துவிட்டது. இரண்டு பகுதிகளைச் சமமாகப் பிசைந்தால் இறுகும் எபாக்சிக் களிமண்ணால் அடைத்தேன். அது முழுதும் இறுக ஒரு நாள் ஆகும். முன்னங்காலைச் சூடான காற்றில் இளக்கி, ஓய்வாக நிற்கும் நிலைக்கு வளைத்துக் குளிர்ந்த தண்ணீரில் பிடித்தேன். காதுகளுக்கு மெல்லிய கம்பி, அதன் மேல் களிமண். நான்கு முறை செய்து பிய்த்துப் போட்டேன், ஐந்தாவது முறை நுனிகள் தொட்டன.

நிறம் தூரிகையில் வரவில்லை. பாஸ்டல் என்ற வண்ணச் சாக்பீஸைச் சுரண்டித் தூளாக்கி, மென்தூரிகையால் தடவி, மங்கல் பூச்சைத் தெளித்து, காய்ந்ததும் மறுபடி தூள். 14 அடுக்குகள். சேணப்பட்டை உரசி உரசி ராணிக்குத் தோளில் ஆறாத ஒரு புண் இருந்தது. அதையும் வைத்தேன். ஜட்கா குதிரைகள் பட்ட பாட்டை அழகாக்கி விற்கிறாய் என்று முன்பே ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். அவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: நான் அதை விற்கவில்லை, அழகாக்கவும் இல்லை. அந்தப் புண்ணுக்குப் பாய் மஞ்சளும் எண்ணெயும் குழைத்துத் தடவுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். ஏழை மனிதரும் ஏழைக் குதிரையுமாக இருவரும் உழைத்தார்கள். புண்ணை மறைத்திருந்தால்தான் பொய்.

அடுத்த ஆண்டு பக்கத்து மாநிலத்தில் ஒரு சிறிய போட்டி. இந்தப் போட்டிகளில் நீள மேஜைகளில் இனவாரியாகக் குதிரைகளை வைத்துவிட்டு நாம் விலகி நிற்கவேண்டும், நடுவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வருவார். ராணியின் முன்னால் அந்த அம்மாள் நின்றார். குனிந்தார். பக்கத்தில் குறிப்பெழுதிக்கொண்டிருந்த பெண்ணிடம், வெயிலில் வைத்துக் காதை உருக்கிவிட்டார்கள், பாவம் என்றார். அப்படியே அடுத்த குதிரைக்குப் போய்விட்டார். பத்துக் குதிரைகளில் ஆறுக்கு ரிப்பன் கிடைத்தது, ராணிக்கு எதுவும் இல்லை. ஐந்து முறை செய்த காதுகள் அவை.

என் தவறும் இதில் உண்டு, மறைக்கவில்லை. அரிய இனத்தைக் கொண்டு வருகிறவர்கள், உண்மையான குதிரையின் படத்தோடு நான்கு வரி விளக்கமும் உள்ள ஓர் அட்டையைப் பக்கத்தில் வைக்கவேண்டும். நான் வைக்கவில்லை. பார்த்தாலே தெரியும் என்று நினைத்தேன். எங்கள் தெருமுனையில் நின்ற குதிரைக்கு நான் சான்று காட்டவேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மறு ஆண்டு அட்டையோடு போனேன், வேறு நடுவர், இரண்டாம் இடம். ஆனாலும் அந்தப் ‘பாவம்’ இன்னும் ஆறவில்லை.

படம் எடுக்கும் வேலையில் இறங்கியது அந்தக் கோபத்தில்தான். பிரேயரின் பெரிய அளவு 1:9, அதாவது உண்மைக் குதிரையில் ஒன்பதில் ஒரு பங்கு. உண்மையில் உங்கள் கண் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து குதிரையைப் பார்த்தால், இங்கே கேமரா 17 சென்டிமீட்டருக்கு இறங்கவேண்டும். அதாவது நீங்கள் தரையில் படுக்கவேண்டும். மேலிருந்து எடுத்த படத்தில் அது பொம்மை. அந்த 17 சென்டிமீட்டரில் அது குதிரை. மண்தான் அடுத்த எதிரி. சாதாரண மணல் ஒன்பது மடங்கு பெரிதாகி ஜல்லியாகத் தெரியும். செங்கல்லை உடைத்து மாவுச் சல்லடையில் இரண்டு முறை சலித்துப் பழனியின் தெருப்புழுதியைச் செய்தேன். தம்பி ஸ்டேஷன் ரோட்டில் நின்று எடுத்தனுப்பிய மலையின் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, குதிரைக்கு ஒரு மீட்டர் பின்னால் நிறுத்தினேன். மலை மங்கலாகத் தெரிய வேண்டும், குதிரை மூக்கு முதல் வால் வரை துல்லியமாக இருக்கவேண்டும். அதற்குக் கேமரா லென்ஸின் துளையை எவ்வளவு சுருக்குவது என்று கண்டுபிடிக்கவே மூன்று வாரக் காலைகள் போயின. வெயில் சாய்ந்து விழும் முதல் ஒரு மணி நேரம் போதும், அதற்குப் பிறகு எடுப்பதெல்லாம் வீண்.

இதையெல்லாம் எங்கள் குடியிருப்பின் புல்வெளி ஓரத்தில் எடுத்தேன். ஒரு நாள் கதவில் கடிதம் ஒட்டியிருந்தது: பொதுப் புல்வெளியில் படுத்திருப்பது மற்றவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறதாம். சம்பந்தம் இல்லாததைச் சொல்கிறேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அதே அலுவலகத்துக்கு, கார் நிறுத்துமிடத்தில் பனியை அள்ளவில்லை என்று ஒரே குளிர்காலத்தில் ஐந்து முறை எழுதினேன். என் கணவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அதற்குப் பதில் ஒரு வரிகூட வரவில்லை. வாடகையை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு ஏற்றுகிறார்கள். பனியில் விழுந்தவர் யாருக்கும் சங்கடம் தரவில்லை, புல்லில் படுத்தவள் தந்துவிட்டேன். இப்போது நூலகத்தை அடுத்த பூங்காவில் எடுக்கிறேன், அங்கே யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

எப்படித் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். ஸ்டேபிள்மேட் என்று 1:32 அளவில் உள்ளங்கையில் அடங்கும் குதிரைகள் வருகின்றன, விலையும் குறைவு. அதில் ஒன்றை வாங்கி நிறத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். வார்ப்பு விளிம்பைத் தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். நான் கட்டாமல் ஒரு வாரம் இருமினேன். பழைய குதிரையில் காடி வாடை அடித்தால் வாங்காதீர்கள்: செல்லுலோஸ் அசிடேட் என்ற அதன் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். கோடையில் காருக்குள் விடாதீர்கள், கால் வளைந்துவிடும். வண்ணம் பூசும் முன் உண்மையான குதிரையின் படம் பத்தையாவது மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிரித்தவரிடம் வாதாட வேண்டாம். எடுத்த படத்தைக் காட்டுங்கள். என் கணவர் ராணியின் படத்தைப் பார்த்து, இது எப்போது எடுத்தது, உன் சின்ன வயதிலா என்று கேட்டார். மணிக்கட்டில் கட்டோடு செங்கல் தூளைச் சலித்துக் கொடுத்தவர் அவர்தான், அப்படியும் கேட்டார்.

சென்ற மாதம் தம்பி அந்தப் படத்தைப் பாயின் மகனிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். இப்போது அவருக்கும் அறுபதுக்கு மேல், ஆட்டோ ஓட்டுகிறார். வெகுநேரம் பேசாமல் கைப்பேசியைக் கையில் வைத்திருந்தாராம். பிறகு, ‘காது சரி, புண் சரி. அக்காவுக்குக் கால்தான் மறந்துபோயிருக்கிறது. வெள்ளை இடது பின்னங்காலில் இல்லை, வலதில்’ என்று சொன்னாராம். ராணி இப்போது என் மேஜையில்தான் இருக்கிறாள். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டேன், சனிக்கிழமை வலது காலுக்கு வெள்ளை வைக்கவேண்டும்.