கத்தோலிக்கர்கள் உடலை எரிக்கலாமா? உறவினர்கள் எதிர்க்கிறார்களே?

எரிக்கலாம். 1963லேயே வத்திக்கான் அந்தத் தடையை நீக்கிவிட்டது. அடக்கம் செய்வதைத்தான் திருச்சபை பெரிதும் விரும்புகிறது. ஆனால் இறந்தவர்கள் கடைசி நாளில் எழுவார்கள் என்ற உயிர்ப்பு நம்பிக்கையை மறுப்பதற்காக எரித்தாலொழிய அது தடுப்பதில்லை. உங்கள் வீட்டிலும் "நம் ஆட்கள் எரிக்கமாட்டார்கள்" என்று பெரியவர் யாராவது சொல்லியிருப்பார். எங்கள் வீட்டில் பெரியம்மா சொன்னார்.

அம்மா சாகும் முன் கேட்டது ஒன்றுதான்: அப்பாவோடு வைக்க வேண்டும். அப்பா போய் நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அதற்குள் அந்தக் குழியைத் திறந்து இன்னொரு பெட்டியை இறக்க முடியாது என்று கல்லறைத் தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். எரித்துச் சாம்பலை அங்கேயே புதைக்கலாம் என்று வழி சொன்னவர் எங்கள் பங்குத்தந்தை. திருப்பலி, தீர்த்தம், தூபம் எதிலும் குறையில்லை. ஆனால் தகன மேடைக்குக் கிளம்பிய வேனில் பெரியம்மா ஏறவில்லை. "கடைசி நாளில் என் தங்கச்சி எதைக் கொண்டு எழுந்து வருவாள்?" என்று கோயில் வாசலிலேயே நின்று அழுதார். எனக்கு வாய் எழவில்லை. மண்ணோடு மண்ணாகிப்போன பாட்டன் பூட்டனை எழுப்புகிறவருக்கு இவளை எழுப்பத் தெரியாதா என்பது இரவில்தான் தோன்றியது.

சாம்பல் பானையை வாங்கியபோது அடிப்பக்கம் இன்னும் சுட்டது. வாயை வெள்ளைத் துணியால் கட்டி மடியில் வைத்துக்கொண்டேன். தம்பி தூத்துக்குடி கடலில் கரைக்கலாம் என்றான். கரைப்பதையும் தூவுவதையும் வத்திக்கான் 2016ல் விலக்கியிருப்பதால் மறுத்துவிட்டேன். மறுநாள் அப்பாவின் கல்லறையில் முதல் பிடி மண்ணைப் போட்டது பெரியம்மாதான்.

என்னைச் சபைக்கு எதிரி என்று எழுத வருபவர்களுக்கு: ஞாயிறு பூசையை நான் தவறவிட்டதில்லை. என் கோபமெல்லாம் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின்மீது. பிள்ளைகள் பயப்படுவார்களாம், ஐஸ் பெட்டியைக் கீழ்த்தளத்தில் ஒரு இரவு வைக்கக் கூடாதாம்! பிறந்தநாளுக்கு அங்கேதான் பந்தல் போடுகிறார்கள். பதினோரு ஆண்டுகள் ஒரு மாதம்கூடப் பராமரிப்புப் பணம் பாக்கி வைக்காதவர் அம்மா. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆறவில்லை.

நீங்கள் முதலில் பங்குத்தந்தையைப் பாருங்கள். குடும்பக் கல்லறையின் ரசீதையும் தேடி எடுங்கள். எங்களுடையது அம்மாவின் ஜெபப் புத்தகத்துக்குள், நான்காக மடித்து இருந்தது.